ஹைக்குல நாலு வருஷம்: அப்பா கடைக் கணக்கும் உடைஞ்சு தெரியற தமிழும்

2021 ஜூலைல ஹைக்குங்கற ஆப்பரேட்டிங் சிஸ்டத்தோட பீட்டா 3 வந்தப்போ வீட்ல சும்மா கெடந்த ஒரு பழைய லேப்டாப்புல போட்டுப் பாத்தேன், 4 ஜிபி ராம், விண்டோஸ் திறக்கறதுக்குள்ள ஒரு டீ குடிச்சுட்டு வந்துரலாம்ங்கற நெலமைல இருந்த மெஷின். ஹைக்கு அதுல பத்து பதினஞ்சு செகண்ட்ல டெஸ்க்டாப்புக்கு வந்து நின்னுச்சு. ஒரு வாரம் ஆசைக்கு வெச்சிருந்துட்டு எடுத்துரலாம்னுதான் நெனச்சேன், இப்போ பீட்டா 5 வரைக்கும் வந்தாச்சு, இன்னும் அதேதான் என் சாயங்கால மெஷின். பகல்ல ஆஃபீஸ்ல லினக்ஸ், ராத்திரி வீட்டுக்கு வந்தா ஹைக்கு. இவ்ளோ நாள் ஓட்டினதுக்கு அப்புறம் நல்லது கெட்டது ரெண்டையும் எழுதி வெச்சா யாருக்காவது பிரயோஜனப்படும்.

தெரியாதவங்களுக்கு சுருக்கமா: 90கள்ல பீ-ன்னு ஒரு கம்பெனி பீஓஎஸ்னு ஒரு சிஸ்டம் பண்ணாங்க, ஆப்பிள்ல இருந்து வெளிய வந்த ஜான் லூயி கேசே ஆரம்பிச்சது. 2001ல அதோட சொத்தையெல்லாம் பாம் (Palm)ங்கற கம்பெனி வாங்கிருச்சு, பீஓஎஸ் அதோட நின்னு போச்சு. அதே வருஷம் அதை நேசிச்ச ஆளுங்க ஓப்பன்பீஓஎஸ்னு மறுபடி மொதல்ல இருந்து எழுத ஆரம்பிச்சாங்க, 2004ல பேரு ஹைக்குன்னு மாறுச்சு. நெறைய பேர் இதையும் ஒரு லினக்ஸ் டிஸ்ட்ரோன்னு நெனச்சுக்கறாங்க, கிடையாது. சிஸ்டத்தோட மையமான கர்னல் நியூஓஎஸ்ங்கற வேற ஒரு சிஸ்டத்துல இருந்து வந்தது, விண்டோ சிஸ்டம், ஃபைல் சிஸ்டம், ஃபைல் மேனேஜர் எல்லாமே ஒரே டீம், ஒரே மூலத்துல இருக்கு. புரோகிராம் எழுதறவங்களுக்கு இதோட ருசி தனி, ஏன்னா ஒரு பட்டனை அமுக்கினா அது எங்கெங்க போயி என்ன ஆகுதுன்னு கர்னல் வரைக்கும் ஒரே ரெப்பாசிட்டரில தொடர்ந்து படிச்சுட்டே போலாம், லினக்ஸ் டெஸ்க்டாப்புல அப்படிப் போகணும்னா நாலஞ்சு வேற வேற புராஜெக்ட்டைத் தாண்டணும்.

சாஃப்ட்வேர் பக்கம் வந்தா, ஹைக்குடெப்போ-ன்னு ஒரு ஆப் ஸ்டோர் இருக்கு, டெர்மினல்ல அதே வேலைக்கு பிகேஜிமேன்னு ஒரு கமாண்ட். இங்க பேக்கேஜை இன்ஸ்டால் பண்றதுன்னா அதை விரிச்சு அங்கங்க ஃபைலைக் கொட்டறது இல்ல, எச்பிகேஜிங்கற பேக்கேஜ் ஃபைலை ஃபோல்டர்ல போட்டா அப்படியே மவுண்ட் ஆயிரும், அதாவது விரிக்காமலே சிஸ்டத்தோட சேந்துரும், எடுத்துட்டா சுத்தமா போயிரும், சிஸ்டம் ஃபோல்டர் படிக்க மட்டும்தான். இதோட அருமை எனக்கு ஒரு தடவை நல்லா புரிஞ்சுது, தினமும் வர்ற சோதனைப் பதிப்பான நைட்லி பில்டுல இருந்தப்போ ஒரு அப்டேட் போட்டேன், ஏதோ ஒரு லைப்ரரி ஒத்துப்போகாம டெஸ்க்டாப்பே வரல. பூட் ஆகும்போது ஸ்பேஸ் கீயை அமுக்கி மெனுவுக்குப் போனா, பழைய பேக்கேஜ் நெலமையெல்லாம் தேதி போட்டு வரிசையா நிக்குது, முந்தா நேத்து தேதியைத் தேர்ந்தெடுத்தேன், ஒண்ணுமே நடக்காத மாதிரி வந்துருச்சு. அதுக்காக நான் ஒரு கமாண்ட் கூட அடிக்கல.

லிப்ரேஆஃபீஸ் இருக்கு, கேட், கிரிட்டா மாதிரி கேடிஈ ஆப்ஸ் நெறைய இருக்கு, அதுக்கெல்லாம் அடித்தளமான க்யூட்டி லைப்ரரி நல்லா போர்ட் ஆகியிருக்கு. பிரவுசர்தான் ரொம்ப நாள் கஷ்டம். கூடவே வர்ற வெப்பாசிட்டிவ் டாக்குமெண்டேஷன் படிக்கப் போதும், கனமான சைட்டுக்குத் தாங்காது, ஃபால்கன் கொஞ்சம் தேவல, ஃபயர்ஃபாக்ஸ் போர்ட் ஐஸ்வீசல்ங்கற பேர்ல வந்ததுக்கு அப்புறம் பரவால்ல. பேங்க் வேலை, வீடியோ கால் ரெண்டும் நான் இதுல பண்றதே இல்ல, அதுக்கு ஃபோன்.

இனி டெவலப்பர் டூல்ஸ். இதைத்தான் நான் நெறைய எழுதணும்.

ஆரம்பத்துல எடிட்டர் கோடர், பில்டுக்கு மேக்ஃபைல், அவ்ளோதான். ஹைக்கு கூடவே ஒரு மேக்ஃபைல் டெம்ப்ளேட் குடுத்திருக்காங்க, அதைக் காப்பி பண்ணி ஆப் பேரு, சோர்ஸ் ஃபைல் பேரு, லைப்ரரில "பீ"ன்னு ஒரு வார்த்தை, இதை நெரப்பினா போதும், மேக் அடிச்சா ஆப் ரெடி. நான் பகல்ல வேலை பாக்கற எடத்துல ஒரு சின்ன புராஜெக்ட் ஆரம்பிக்கணும்னாலே கான்ஃபிக் ஃபைல் மட்டும் ஏழெட்டு வரும், அந்தப் பழக்கத்துல இருந்து வந்தவனுக்கு இது எவ்ளோ நிம்மதின்னு சொல்லித் தெரியணுமா. பின்னாடி ஜீனியோன்னு ஒரு ஐடிஈ வந்துச்சு, கோடைப் படிச்சுப் புரிஞ்சுக்கற கிளாங்டிங்கற புரோகிராம் பின்னாடி ஓடறதால ஆட்டோ கம்ப்ளீட், டெஃபினிஷனுக்குப் போறது எல்லாம் சரியா வேலை செய்யுது. 4 ஜிபி மெஷின்ல கிளாங்டி கொஞ்சம் கனம்தான், சின்ன வேலைக்கு நான் இன்னும் கோடர்தான் திறக்கறேன். பைத்தான், ரஸ்ட், சிமேக், கிட் எல்லாம் பிகேஜிமேன்ல ஒரு வரில வந்துரும்.

ஏபிஐ, அதாவது ஆப் எழுதறவங்களுக்கு சிஸ்டம் குடுக்கற ஃபங்ஷன்கள், அதுதான் இதோட உயிர். ஒவ்வொரு விண்டோவுக்கும் தனித் தனி த்ரெட் (மத்ததுக்காகக் காத்திருக்காம தனியா ஓடற வேலைச் சரடு), அது சிஸ்டத்தோட அஸ்திவாரம், நாம விரும்பினா வெச்சுக்கற விஷயம் இல்ல. பழைய மெஷின்லயும் விண்டோ ஒறையாம இருக்கறதுக்கு இதுதான் காரணம், ஆனா எழுதறவங்க தலையில பொறுப்பும் அதே அளவு ஏறுது. என் மொத ஆப்புல ஒரு கணக்கைத் தனி த்ரெட்ல போட்டு, முடிஞ்சதும் அங்க இருந்தே விண்டோல இருக்கற எழுத்தை மாத்தினேன், உடனே ஆப் விழுந்துருச்சு. விழுந்தப்போ வர்ற பெட்டில "முடிச்சுரு", "டீபக் பண்ணு", "ரிப்போர்ட் சேவ் பண்ணு"ன்னு கேக்குது, டீபக்கைத் தட்டினா ஹைக்குவோட சொந்த டீபக்கர் திறந்து எந்த த்ரெட், எந்த வரின்னு சோர்ஸோட காட்டுது, லூப்பரை, அதாவது விண்டோவுக்கு வர்ற மெசேஜை வரிசையா வாங்கற பகுதியை, லாக் பண்ணாம கை வெச்சுட்டேன்னு அங்கயே புரிஞ்சுது. சரியான வழி என்னன்னா அடுத்த த்ரெட்டோட விண்டோவைத் தொடாம அதுக்கு பீமெசேஜ்னு ஒரு தகவல் பொட்டலம் அனுப்பணும், விண்டோ தன் த்ரெட்லயே வாங்கித் தானே மாத்திக்கும். இதைப் பழகினதுக்கு அப்புறம் பகல் வேலைல த்ரெட் பிரச்சினை வந்தாலே எனக்குக் கண்ணு வேற மாதிரி பாக்குது, யாரு யாரோட பொருளைத் தொடறாங்கன்னுதான் மொதல்ல தேடறேன்.

ஹே-ன்னு ஒரு கமாண்ட் இருக்கு. ஓடிட்டு இருக்கற எந்த ஆப்பையும் டெர்மினல்ல இருந்து கேள்வி கேக்கலாம், மாத்தலாம். ஸ்டைல்ட்எடிட்ங்கற டெக்ஸ்ட் எடிட்டரைத் திறந்து வெச்சுட்டு ஹேல மொத விண்டோவோட டைட்டிலை மாத்துன்னு ஒரு வரி அடிச்சா அந்த மஞ்சள் தாவல்ல பேரு மாறிருது, இதுக்கு அந்த ஆப்பை எழுதினவர் ஒரு வரி கூடத் தனியா எழுதியிருக்கத் தேவையில்ல, எல்லாமே மெசேஜ்ல ஓடறதால தானா கெடைக்குது.

இப்போ அப்பா கடைக்கு வரேன். கோபிசெட்டிபாளையம் பக்கம் எங்கப்பாவுக்குப் பாத்திர வாடகைக் கடை, அண்டா, போசி, கரண்டி, ஜமக்காளம், சேர், முகூர்த்த சீசன்னா ஒரு நாளைக்கு ஏழெட்டு வீட்டுக்குப் போகும். யாரு எடுத்துட்டுப் போனாங்க, எத்தனை, அட்வான்ஸ் எவ்ளோ, திரும்பி வந்துச்சா இல்லையா, எல்லாம் ஒரு நீள நோட்டுல இருந்துச்சு. ஹைக்குவோட ஃபைல் சிஸ்டம் பிஎஃப்எஸ், அதுல எந்த ஃபைலுக்கும் நாம நெனச்ச பேர்ல ஆட்ரிபியூட், அதாவது ஃபைலோட கூடவே இருக்கற சின்னக் குறிப்பு, ஒட்டிக்கலாம், அதை வெச்சுத் தேடவும் செய்யலாம். சரி, டேட்டாபேஸே வேண்டாம்னு முடிவு பண்ணி, ஃபைல்டைப்ஸ்ல "வாடகை பில்"னு ஒரு புது வகை உண்டாக்கி, பேரு, ஊரு, அண்டா எத்தனை, அட்வான்ஸ், வந்துருச்சாங்கறதையெல்லாம் ஆட்ரிபியூட்டா குடுத்தேன். ஒரு பில்லுக்கு ஒரு ஃபைல், உள்ள ஒண்ணுமே கிடையாது, சைபர் பைட், விஷயம் பூரா ஆட்ரிபியூட்லதான். டிராக்கர்ங்கற ஃபைல் மேனேஜர்ல அந்த ஃபோல்டரைத் திறந்தா எக்செல் மாதிரி பத்தி பத்தியா நிக்குது. ஐகான்-ஓ-மேட்டிக்ல ஒரு அண்டா படம் வரைஞ்சு ஐகானா வெச்சேன், வெக்டர் ஃபார்மேட், எவ்ளோ பெருசாக்கினாலும் கூர்மை கொறையல, சைஸ் ஒரு கேபிக்கும் கீழ.

அப்புறம் "இன்னும் வராதது"ன்னு ஒரு கொயரி, அதாவது சேமிச்சு வெச்ச தேடல், போட்டு டெஸ்க்டாப்புல வெச்சேன். திறந்தா ஒண்ணுமே இல்ல, வெறும் விண்டோ. எரநூறு பில்லு ஏத்தி முடிச்சிருந்தேன், வயிறு கலங்கிருச்சு. விஷயம் என்னன்னா தேடற ஆட்ரிபியூட்டுக்கு மொதல்லயே எம்கேஇண்டெக்ஸ்ங்கற கமாண்ட்ல இண்டெக்ஸ் (தேடல் அட்டவணை) உண்டாக்கியிருக்கணும், பின்னாடி உண்டாக்கினா அதுக்கு முன்னாடி இருக்கற ஃபைலெல்லாம் தானா உள்ள சேராது. ரீஇண்டெக்ஸ்னு ஒரு கமாண்ட் இருக்கு, அதை ஓட்டினதும் எல்லாம் வந்துருச்சு. அதுக்கு அப்புறம் நடந்ததைப் பாத்துதான் அப்பாவே ஸ்டூலை இழுத்துப் போட்டு உக்காந்தார்: கொயரி விண்டோ திறந்திருக்கும்போதே ஒரு பில்லுல "வந்துருச்சு"ன்னு மாத்தினா அந்த வரி நம்ம கண்ணு முன்னாடியே மறையுது. ரிஃப்ரெஷ் கிடையாது, பட்டன் கிடையாது. மாத்தினதும் ஃபைல் சிஸ்டமே தகவல் சொல்லுது. பில்லு போடறதுக்கு மட்டும் ஒரு சின்ன ஃபார்ம் சி பிளஸ் பிளஸ்ல எழுதினேன், முன்னூறு வரி சொச்சம், ரெண்டு ராத்திரி வேலை.

பேக்கப் விஷயத்துல ஒரு பெரிய அடி வாங்கினேன், இதை யாரும் மறக்காதீங்க. 2022 டிசம்பர்ல பீட்டா 4 வந்தப்போ டிஸ்க்கை சுத்தமா அழிச்சுப் போடலாம்னு பில் ஃபோல்டரை ஒரு பென்டிரைவ்ல காப்பி பண்ணேன். பென்டிரைவ் ஃபேட் ஃபார்மேட், அதுல இந்த ஆட்ரிபியூட்டுக்கெல்லாம் இடமே கிடையாது. திரும்பக் கொண்டாந்தா ஃபைல் பேரு எல்லாம் இருக்கு, ஆட்ரிபியூட் ஒண்ணும் இல்ல, மொத்தமும் வெறும் கூடு. அப்பா நோட்டு எழுதறதை நிறுத்தாம இருந்தது புண்ணியம், நாலு நாள் ஒக்காந்து மறுபடி ஏத்தினோம். ஹைக்குல எப்பவும் ஜிப் பண்ணித்தான் வெளிய எடுக்கணும், இங்க இருக்கற ஜிப் ஆட்ரிபியூட்டையும் சேத்துக் கட்டும். கிட்லயும் ஆட்ரிபியூட் ஏறாது, அதையும் ஞாபகம் வெச்சுக்கோங்க.

அடுத்தது தமிழ், எனக்கு நெஜமா மனசு வலிக்கற எடம் இது ஒண்ணுதான்.

ஹைக்குவோட சொந்த ஆப்ஸ்ல தமிழ் சரியா வராது. ஃபான்ட் பிரச்சினை இல்ல, நோட்டோ தமிழ் ஃபான்ட் போட்டா எழுத்து அழகாத்தான் இருக்கு, சேர்றதுதான் இல்ல. ஃபோன்ல டைப் பண்ண பேரு லிஸ்ட்டை ஸ்டைல்ட்எடிட்ல திறந்தேன். "கெ"ன்னு வரவேண்டிய எடத்துல க மொதல்ல வந்து கொம்பு அதுக்குப் பின்னாடி வருது, அதனால கொம்பு அடுத்த எழுத்தோடதுன்னு படிக்கத் தோணுது. "கு" ஒரே எழுத்தா சேராம க தனியா, சுழி தனியா நிக்குது. அப்பா கண்ணாடியைப் போட்டுட்டுப் பக்கத்துல வந்து பாத்தவர், "என்ன கண்ணு, பொன்னுசாமி பேரை இப்படி ஒடைச்சு வெச்சிருக்கறே"ன்னார். எனக்குப் பதில் சொல்ல வரல. இன்னிக்கு வரைக்கும் கடை பில்லுல பேரெல்லாம் இங்கிலீஷ் எழுத்துலதான் போகுது, அப்பா எழுத்துக் கூட்டிப் படிக்கிறார்.

க்யூட்டி ஆப்ஸ்ல, உதாரணத்துக்கு கேட் எடிட்டர்ல, அதே லிஸ்ட் சுத்தமா வருது, ஏன்னா க்யூட்டி தனக்குள்ளயே ஹார்ஃப்பஸ்ங்கற எழுத்துக் கோக்கற லைப்ரரியை வெச்சு எழுத்தைக் கோத்துக்குது. ஹைக்குவோட ஆப் சர்வர் (திரைல எல்லாத்தையும் வரையற பகுதி) ஃப்ரீடைப்ங்கற ஃபான்ட் லைப்ரரிகிட்ட ஒவ்வொரு எழுத்துக் குறியீட்டுக்கும் ஒரு உருவம் வாங்கி வரிசையா அடுக்குது, இடையில கோக்கற வேலையைப் பாக்க ஆள் இல்ல. தமிழுக்கு மட்டும் இல்ல, ஹிந்திக்கும் இதே கதிதான். டேட்டாவுல பழுது இல்லைங்கறதையும் சொல்லணும், உள்ள யூடிஎஃப்-8ங்கற எழுத்துக் குறியீட்டு முறைல பத்திரமா இருக்கு, தமிழ்ல கொயரி போட்டா சரியான ஃபைலைத்தான் குடுக்குது, கண்ணுக்குத் தெரியறது மட்டும்தான் உடையுது.

மத்த கொறைகளையும் சொல்லிடறேன். லேப்டாப் மூடினா தூங்க வைக்க முடியாது, அணைச்சுத்தான் வைக்கணும், சீக்கிரம் பூட் ஆகறதால எனக்கு அது பெரிய தொந்தரவா இல்ல. கிராஃபிக்ஸ் கார்டோட 3டி வேகம் கெடைக்காது, வீடியோ எடிட்டிங் ஆசை இருந்தா வராதீங்க. ஒரே யூசர்தான், அந்த யூசருக்கு எல்லா அதிகாரமும் உண்டு, அதனால பொது மெஷினுக்கு ஆகாது. வைஃபை டிரைவரெல்லாம் ஃப்ரீபிஎஸ்டி, ஓப்பன்பிஎஸ்டில இருந்து வர்றது, போடறதுக்கு முன்னாடி பென்டிரைவ்லயே பூட் பண்ணி உங்க வைஃபை புடிக்குதான்னு பாத்துக்கோங்க, எனக்கு மொத வருஷம் பூரா கேபிள்தான், அப்புறம்தான் புடிச்சுது.

2021ல இருந்து ஒரு டெவலப்பரை நன்கொடைப் பணத்துல முழு நேரமா வேலைக்கு வெச்சிருக்காங்க, அந்த வித்தியாசம் பீட்டா 4லயும் 2024 செப்டம்பர்ல வந்த பீட்டா 5லயும் நல்லாத் தெரியுது, சிஸ்டமே விழுந்தா வர்ற கர்னல் டீபக்கர் திரையை நான் கடைசியா எப்போ பாத்தேன்னே ஞாபகம் இல்ல. மீதி அத்தனை பேரும் வேலை முடிச்சுட்டு ராத்திரில எழுதறவங்கதான்.

நானும் இப்போ மொத்த சோர்ஸையும் க்ளோன் பண்ணி வெச்சிருக்கேன், ஹைக்குல உக்காந்தே ஹைக்குவை ஜாம்ங்கற பில்ட் டூல்ல பில்ட் பண்ண முடியுது. ஆப் சர்வர் ஃபோல்டர்ல கிளிஃப்லேஅவுட்எஞ்சின்னு ஒரு ஹெடர் ஃபைல், எழுத்து ஒண்ணொண்ணா எடுத்து அடுக்கற லூப் அதுலதான் இருக்கு, ரெண்டு மாசமா அதைத்தான் படிச்சுட்டு இருக்கேன். ஹார்ஃப்பஸை அந்த எடத்துல நொழைக்கறது மட்டும் போதாது, எழுத்தோட அகலத்தைக் கேக்கற ஃபங்ஷன், கர்சர் எங்க நிக்கணும்னு கணக்குப் போடற டெக்ஸ்ட்வியூ, எல்லாத்துலயும் ஒரு எழுத்துக் குறியீட்டுக்கு ஒரு உருவம்ங்கற எண்ணம் ஊறிப் போயிருக்கு, அதையெல்லாம் மாத்தியாகணும். போன வாரம் டெஸ்ட்டுக்கு ஒரு சின்ன விண்டோ எழுதி, ஹார்ஃப்பஸ் குடுத்த வரிசைல நானே உருவங்களை வரைஞ்சு பாத்தேன். பொன்னுசாமி, கொம்பு எடத்துல கொம்போட, காலு எடத்துல காலோட முழுசா வந்தார். அப்பாகிட்ட காட்டினேன், பாத்துட்டு, "அப்ப கடை பில்லுல எப்ப வரும்?"னு கேட்டார்.