டப்பா வாடை போக்கும் மாத்திரை: வாங்கலாமா?

வெங்காயம் நறுக்கி வைத்த பிளாஸ்டிக் டப்பாவை நன்றாகக் கழுவி, அடுத்த நாள் அதிலேயே பழம் நறுக்கி வைத்தால் பழமும் வெங்காயமாகவே மணக்கும். என் வீட்டில் நாலைந்து டப்பாக்கள் இப்படிக் கெட்டுக் கிடந்ததால்தான் தண்ணீரில் போட்டால் பொங்கும் இந்த மாத்திரையை வாங்கினேன். "ஒரே மாத்திரை, பத்தே நிமிடம், வாடை மாயம்" என்று பாக்கெட்டில் பெரிய எழுத்தில் போட்டிருந்தார்கள்.

போட்டதும் நுரை பொங்குகிறது, பார்க்க ஜோராகத்தான் இருக்கிறது. பத்து நிமிடம் கழித்துக் கழுவி முகர்ந்தால் எலுமிச்சை வாசம். ஆஹா என்று மூடி வைத்துவிட்டேன். மறுநாள் காலையில் திறந்தால் எலுமிச்சையைக் காணோம், வெங்காயம் மட்டும் பத்திரமாக இருக்கிறது.

பாக்கெட்டின் பின்பக்கம் படித்தால் சமையல் சோடா, சிட்ரிக் அமிலம், சோடியம் பெர்கார்பனேட், கொஞ்சம் வாசனை, அவ்வளவுதான். சோடாவும் அமிலமும் சேர்வதால் வருவதுதான் அந்த நுரை, வெறும் கார்பன் டை ஆக்சைடு, அதற்கும் வாடைக்கும் பெரிய சம்பந்தமில்லை. வேலை செய்யக்கூடியது பெர்கார்பனேட்தான், அது தண்ணீரில் கரைந்ததும் ஹைட்ரஜன் பெராக்சைடு வெளிவரும். ஆனால் அது மேற்பரப்பில் இருப்பதைத்தான் தொடும். வெங்காயம், பூண்டு வாடைக்குக் காரணமான பொருட்கள் எண்ணெயோடு ஒட்டும் ரகம், பிளாஸ்டிக்கும் அதே ரகம் என்பதால் உள்ளேயே போய் உட்கார்ந்துகொள்ளும், சூடாக வைத்திருந்தால் இன்னும் சீக்கிரம் போகும். அது மெல்ல மெல்லத்தான் வெளியே வரும். பத்து நிமிடத்தில் வா என்றால் எப்படி வரும்?

அப்புறம் நானே செய்து பார்த்தேன். முதலில் பாத்திரம் கழுவும் திரவம் போட்டு வெந்நீரில் பிசுக்கை முழுவதும் எடுத்தேன், இதை விட்டால் மற்றதெல்லாம் வீண். பிறகு சமையல் சோடா கரைத்த வெதுவெதுப்பான தண்ணீரை ராத்திரி முழுக்க ஊற்றி வைத்து, காலையில் கழுவி, மூடி போடாமல் இரண்டு நாள் காற்றும் வெயிலும் படும்படி ஜன்னலோரம் வைத்தேன். முக்கால்வாசி போய்விட்டது! மஞ்சள் கறை வெளுத்தது உபரி லாபம். பொறுமைதான் வேண்டும்.

மிச்சம் கால்வாசி எங்கே என்று தேடினால் மூடியில் இருக்கும் ரப்பர் வளையம். உண்மையில் இதைத்தான் முதலில் பார்த்திருக்க வேண்டும். கத்தி வேண்டாம், கரண்டிக் காம்பால் நெம்பி எடுத்தேன். அடியில் இருந்த கருப்புப் பிசுக்கைப் பற்றி எழுதாமல் விடுகிறேன். வளையத்தைத் தனியாகச் சோடாத் தண்ணீரில் ஊறப்போட்டு, நன்றாகக் காய்ந்த பிறகு மாட்டினேன்.

மீன் வாடைக்கு மட்டும் சோடாவைவிட வினிகர் மேல், அந்த வாடை காரத்தன்மை உள்ளது, அமிலம் பட்டால் அடங்கும். இரண்டையும் ஒன்றாகக் கலக்காதீர்கள், ஒன்றை ஒன்று முறித்துக்கொண்டு இரண்டுமே வீணாகும். பிளீச்சோடு வினிகர் சேரவே கூடாது, விஷ வாயு வரும். கொதிக்கும் தண்ணீர் ஊற்றும் முன் டப்பாவின் அடியில் உள்ள முக்கோணத்துக்குள் இருக்கும் எண்ணைப் பாருங்கள், அது எந்த வகைப் பிளாஸ்டிக் என்று சொல்லும்: 5 என்றிருந்தால் தாங்கும், 1 என்றிருந்தால் நெளிந்துவிடும். உள்ளே கீறல் விழுந்து சொரசொரப்பான டப்பாவுக்கு எந்த வைத்தியமும் பலிக்கவில்லை, அதில் இப்போது ஆணி, ஸ்குரூ போட்டு வைத்திருக்கிறேன்.

மாத்திரைக்கு 5க்கு 2 கொடுப்பேன். மறுபடி வாங்க மாட்டேன். மீதி இருப்பதை டீக்கறை படிந்த ஸ்டீல் ஃபிளாஸ்க்கில் போடுகிறேன், அதில் பிரமாதமாக வேலை செய்கிறது. மூடியை மட்டும் இறுக்கிவிடாதீர்கள், வாயு சேர்ந்து தெறிக்கும்.