மிரளும் குதிரைக்கு ஒரு பயிற்சி லாயம்

அந்தியூர் ஆடித் திருவிழாச் சந்தையில் வாங்கிய என் கத்தியவார் இனப் பெண்குதிரை, தலைக்கயிற்றைக் கையில் எடுத்தாலே மூலைக்கு ஒதுங்கி நடுங்கியதால், அதைக் கோவைப் பக்கமுள்ள ஒரு பயிற்சி லாயத்தில் சேர்த்தேன். கால்களைக் கட்டிச் சாட்டையைக் காட்டி அடக்குவதைப் பழக்குதல் என்று சொல்லிக்கொள்ளும் இடங்கள் இன்றும் இருக்கின்றன; இங்கே சாட்டை வெளியே வரவே இல்லை.

சேர்க்கும்போதே பல், குளம்பு, முதுகு ஆகியவற்றைக் கால்நடை மருத்துவரிடம் காட்டிவிட்டு வரச் சொன்னார்கள். வலியும் மிரட்சியாகத்தான் வெளிப்படும் என்பதால் இது சரியான நிபந்தனையே.

நெற்றிக்கு நேர் முன்னாலும் வாலுக்கு நேர் பின்னாலும் இருப்பது குதிரையின் கண்ணுக்குத் தெரியாது என்பதால், பயிற்றுநர் தோள் பக்கமாகவே, தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டு நெருங்குகிறார். அது தலையைத் தூக்கி, விழியின் வெள்ளை தெரிய முறைத்தால் அங்கேயே அசையாமல் நிற்கிறார். குதிரை தளர்ந்து தலையைத் தாழ்த்தி வாயை மென்ற பிறகே ஓரிரு அடி பின்வாங்குகிறார். துள்ளும்போது விலகினால், துள்ளினால் ஆள் போய்விடுவான் என்றல்லவா அது கற்றுக்கொள்ளும்? ஆகவே விலகும் நொடியைப் பிசகாமல் தேர்ந்தெடுப்பதில்தான் இவருடைய திறமை முழுவதும் இருக்கிறது. தட்டிக்கொடுப்பதற்குப் பதிலாகப் பிடரியின் அடிப்பகுதியைச் சொறிந்துவிடுகிறார்; குதிரைகள் ஒன்றையொன்று சொறிந்துகொள்ளும் அந்த இடத்தைத் தேய்த்தால் இதயத்துடிப்பு தணிவது ஆய்வுகளிலும் பதிவாகியுள்ளது. தார்ப்பாயின் சலசலப்புக்கு அலறி ஓடிய என் குதிரை, இப்போது நுனிகள் தொட்டுக்கொள்ளும் காதுகளை அதன் பக்கம் திருப்பிப் பார்த்துவிட்டு, விரித்த தார்ப்பாயின் மேல் நடந்து போகிறது.

குறை ஒன்று உண்டு, அது சிறியதன்று. பயிற்றுநரிடம் வைத்த நம்பிக்கையைக் குதிரை உரிமையாளரிடம் தானாக வைத்துவிடாது. அப்படியிருக்க, உரிமையாளருக்கான பயிற்சியைக் கடைசி வாரத்துக்குத் தள்ளி, அவசரமாக முடித்துவிட்டார்கள். வீட்டுக்கு வந்த பிறகு தலைக்கயிறு மாட்டுவதை ஏறக்குறைய முதலிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று. கொள்ளுக்கும் புல்லுக்கும் தனியாகப் பணம் வாங்குவதையும் முன்பே சொல்லியிருக்கலாம்.

திருமண ஊர்வலத்துக்கோ பந்தயத்துக்கோ நாள் குறித்துவிட்டு வருபவர்களுக்கு இந்த இடம் ஒத்துவராது. அவகாசம் உள்ளவர்கள் தாராளமாகச் சேர்க்கலாம். ஆனால் முதல் வாரம் முதலே நீங்களும் திடலில் நின்று கயிற்றைப் பிடிக்க ஒப்புக்கொள்கிறார்களா என்று கேட்டுவிட்டு முன்பணம் கொடுங்கள்.