டொமைன் லாகினோடு பல வருடங்கள்: கணக்குப் பிரிவிலிருந்து ஓர் அனுபவம்

நான் ஐடி ஆள் இல்லை. கணக்குப் பிரிவில் வேலை. 2012-ல் சேர்ந்த முதல் நாள் கையில் ஒரு துண்டுச் சீட்டு கொடுத்தார்கள். ஒரு பயனர் பெயர், ஒரு தற்காலிக பாஸ்வேர்டு. விண்டோஸ் 7 போட்ட மேசைக் கணினி. சீட்டில் இருந்ததை எழுத்து மாறாமல் அடித்தேன், தவறு என்றது. கேப்ஸ் லாக்கைப் பார்த்துவிட்டு மறுபடி அடித்தேன், மறுபடியும் தவறு. பக்கத்து மேசைக்காரர் எட்டிப் பார்த்து, பாஸ்வேர்டு பெட்டிக்குக் கீழே பொடி எழுத்தில் இருந்த ஒரு வரியைக் காட்டினார். எதற்குள் நுழைகிறோம் என்று சொல்லும் வரி அது. அதில் கம்பெனியின் பெயருக்குப் பதிலாக அந்தக் கணினியின் பெயர் இருந்தது. "கம்பெனியோட சுருக்கப் பேரைப் போட்டு ஒரு பேக்ஸ்லாஷ், அப்புறம் உங்க பேரு" என்றார். (\ என்ற சாய்கோடுதான் பேக்ஸ்லாஷ்.) திறந்துவிட்டது.

அன்றைக்கு அதை ஏதோ சடங்கு என்று நினைத்தேன். இத்தனை வருடத்தில் எனக்கு வந்த லாகின் தொல்லைகளில் பெரும்பாதி அந்தப் பொடி எழுத்து வரிக்குள்தான் இருந்திருக்கிறது என்பது பிற்பாடு புரிந்தது. நாம் அடிக்கும் பாஸ்வேர்டைச் சரிபார்ப்பது யார்? முன்னால் இருக்கும் கணினியா, எங்கோ இருக்கும் சர்வரா?

வீட்டுக் கணினியில் பாஸ்வேர்டு அந்தப் பெட்டிக்குள்ளேயே இருக்கிறது. ஆபீஸ் டொமைனில், அதாவது ஒரே நிர்வாகத்தின் கீழ் சேர்த்து வைத்த ஆபீஸ் கணினிகளின் கூட்டத்தில், ஆட்களின் பட்டியல், அவரவர் பாஸ்வேர்டு, யார் எந்தக் குழுவில் என்பதெல்லாம் டொமைன் கண்ட்ரோலர் என்ற சர்வரில். இதற்கு மைக்ரோசாஃப்ட் வைத்த பெயர் ஆக்டிவ் டைரக்டரி. விண்டோஸ் 2000-த்தோடு வந்தது, இன்னும் ஓடுகிறது. ஒரு கணினியை மட்டும் குறிவைத்து நுழைய வேண்டுமென்றால் பெயருக்கு முன்னால் ஒரு புள்ளியும் பேக்ஸ்லாஷும் போட வேண்டும். ஐடி ஆட்கள் நம் கணினியில் உட்கார்ந்து விறுவிறுவென்று ஏதோ புள்ளி வைப்பார்களே, அது இதுதான்.

நல்லதைச் சொல்லிவிடுகிறேன். ஆண்டுக் கணக்கு முடிக்கும் வாரத்தில் என் கணினி ஒருநாள் எழுந்திருக்கவே இல்லை. விடுப்பில் இருந்தவரின் மேசையில் உட்கார்ந்து என் பெயரில் நுழைந்தேன். எங்கள் பிரிவின் பொது டிரைவ், பிரிண்டர், கணக்கு மென்பொருளின் அனுமதி எல்லாம் அப்படியே வந்தன. எதற்கும் தனியாகப் பாஸ்வேர்டு கேட்கவில்லை. காலையில் ஒருமுறை நுழைந்ததும் சர்வர் ஒரு டிக்கெட் தருகிறது, மற்ற இடங்களில் நம் சார்பில் அந்த டிக்கெட்டைத்தான் கணினி நீட்டுகிறது. இந்த முறைக்கு கெர்பரோஸ் என்று பெயர். கிரேக்கப் புராணத்தில் பாதாளத்துக்குக் காவல் நிற்கும் மூன்று தலை நாயின் பெயர். அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் பிறந்தது இந்த முறை. டிக்கெட்டின் ஆயுள், யாரும் மாற்றாவிட்டால், 10 மணி நேரம்.

இந்த நாய்க்கு நேரம் முக்கியம். கணினியின் கடிகாரமும் சர்வரின் கடிகாரமும் 5 நிமிடத்துக்கு மேல் விலகினால் டிக்கெட் செல்லாது. எங்கள் பிரிவில் ஒரு பழைய கணினி தினமும் காலையில் தகராறு செய்யும். மதர்போர்டில் இருக்கும் காசு வடிவ பேட்டரி செத்துப்போய், ராத்திரி மின்சாரத்தை அணைத்தால் தேதி பல வருடம் பின்னால் ஓடிவிடும். பேட்டரியை மாற்றியதும் பிரச்சினை தீர்ந்தது. அதுவரை அதில் உட்கார்ந்தவர் மூன்று முறை பாஸ்வேர்டை மாற்றியிருந்தார், பாவம்.

இனி மடிக்கணினி. இதில்தான் குழப்பமே. சர்வர்தான் சரிபார்க்கிறது என்றால், இணையமே இல்லாத ரயிலில் என் லேப்டாப் எப்படித் திறக்கிறது? ஒருமுறை சர்வர் 'சரி' என்று சொன்னதும் அந்தப் பாஸ்வேர்டின் ஒரு சாயலைக் கணினி தனக்குள் வைத்துக்கொள்கிறது. சர்வர் எட்டாத நேரத்தில் அதைப் பார்த்துத் திறக்கிறது. இதில் 10 என்ற ஒரு எண் வரும். சர்வர் இல்லாமல் 10 தடவைதான் நுழைய முடியும் என்று எங்கள் ஆபீஸில் பாதிப் பேர் நம்பினார்கள், நானும் எண்ணிக்கொண்டிருந்தேன். உண்மையில் அது கடைசியாக நுழைந்த 10 ஆட்களை நினைவில் வைத்திருக்கும் கணக்கு; ஓர் ஆள் எத்தனை தடவை நுழைந்தாலும் தீராது.

ஆனால் ஒருமுறையும் நுழையாத கணினிக்கு உங்களைத் தெரியாது. 2020-ல் எல்லோரும் வீட்டிலிருந்து வேலை பார்த்தபோது புது லேப்டாப்பைக் கூரியரில் அனுப்பினார்கள். திறந்து, பெயர் அடித்து, பாஸ்வேர்டு அடித்தால் 'லாகின் சர்வர் எதுவும் இப்போது கிடைக்கவில்லை' என்கிறது. விபிஎன் (வீட்டு இணையத்திலிருந்து ஆபீஸ் நெட்வொர்க்குக்குள் போகும் பாதுகாப்பான வழி) போட்டால் சர்வர் கிடைக்கும். விபிஎன் போட உள்ளே போக வேண்டும். உள்ளே போக சர்வர் வேண்டும். வீட்டுச் சாவியை வீட்டுக்குள்ளேயே வைத்துப் பூட்டிய கதை. ஹெல்ப்டெஸ்கில் இருந்த தம்பி அந்த லேப்டாப்புக்குள்ளேயே இருக்கும் ஒரு தற்காலிக உள்ளூர்க் கணக்கைச் சொன்னான். புள்ளி பேக்ஸ்லாஷ் போட்டு அதில் நுழைந்து, விபிஎன்னை இணைத்து, லாக் அவுட் செய்யாமல் 'பயனரை மாற்று' என்பதை அழுத்தி என் பெயரில் நுழைந்தேன். அந்த ஒரு தடவை போதும். லேப்டாப் அதற்குப் பிறகு என்னை மறக்கவில்லை. சில விபிஎன்களில் பயனரை மாற்றியதும் இணைப்பு அறுந்துவிடும், எங்களுடையது தாங்கியது. இப்போது லாகின் திரையிலேயே விபிஎன் பொத்தான் வைத்துவிட்டார்கள்.

அதே காலத்தில் இன்னொன்று. பாஸ்வேர்டு காலாவதி ஆகப்போகிறது என்று மெயில் வந்தது. கம்பெனியின் இணையப் பக்கத்தில் போய் மாற்றினேன். மறுநாள் காலை லேப்டாப் புதுப் பாஸ்வேர்டை ஏற்கவில்லை. எரிச்சலில் பழையதை அடித்துப் பார்த்தேன், திறந்துவிட்டது! உள்ளே போனால் மெயில் புதியதைத்தான் ஏற்கிறது. ஒரே கணக்கு, இரண்டு பாஸ்வேர்டு. சர்வருக்குப் புதியது தெரியும், லேப்டாப்பின் நினைவில் பழையதுதான், இரண்டையும் யாரும் அறிமுகப்படுத்தி வைக்கவில்லை. தீர்வு அரை நிமிட வேலை: பழையதில் நுழைந்து, விபிஎன் இணைத்து, விண்டோஸ் பொத்தானோடு எல் அழுத்தி லாக் செய்து, புதுப் பாஸ்வேர்டால் திறக்க வேண்டும். அப்போது சர்வர் எட்டுகிறது, நினைவும் புதுப்பிக்கப்படுகிறது. நான் இப்போதெல்லாம் விபிஎன்னில் இருக்கும்போதே கண்ட்ரோல், ஆல்ட், டெலிட் மூன்றையும் அழுத்தி வரும் திரையில்தான் பாஸ்வேர்டை மாற்றுகிறேன். இந்தப் பஞ்சாயத்தே வராது.

பாஸ்வேர்டு மாற்றுவதைப் பற்றி எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. ஆக்டிவ் டைரக்டரியில் யாரும் கைவைக்காவிட்டால் 42 நாளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், கடைசி 24 பாஸ்வேர்டுகளில் எதையும் திரும்ப வைக்க முடியாது. எங்கள் ஆபீஸ் தாராளமாக 90 நாள் வைத்தது. நான் என்ன செய்தேன்? எல்லோரும் செய்வதுதான்: அதே சொல், கடைசியில் எண் மட்டும் ஒன்று கூடும். 17 வரை போனேன். பாதுகாப்பு கூடியதா என்றால், என் பக்கத்து மேசைக்காரருக்கு அடுத்த பாஸ்வேர்டு என்னவென்று எனக்கு முன்பே தெரியும். அமெரிக்காவின் தர நிர்ணய அமைப்பான நிஸ்ட் 2017-லேயே காரணமில்லாமல் கால இடைவெளியில் மாற்றச் சொல்லாதீர்கள் என்றது. 2019-ல் மைக்ரோசாஃப்டும் தன் பாதுகாப்புப் பரிந்துரைகளிலிருந்து இந்தக் காலாவதியை எடுத்துவிட்டது. எங்கள் ஆபீஸுக்கு அந்தச் செய்தி வந்துசேர இன்னும் சில வருடம் ஆனது.

என்னை அதிகம் அலைக்கழித்தது, பாஸ்வேர்டைப் பலமுறை தவறாக அடித்தால் கணக்கு பூட்டிக்கொள்வது. ஒரு தடவை பாஸ்வேர்டு மாற்றிய மறுநாளிலிருந்து கணக்கு தானாகப் பூட்டிக்கொண்டது. ஹெல்ப்டெஸ்க் திறந்துவிடும், அரை மணியில் மறுபடி பூட்டு. காலை ஒன்பதரைக்கு, பத்து மணிக்கு, பதினொன்றுக்கு. நான் தவறாக அடிக்கவே இல்லை என்று சத்தியம் செய்யாத குறை. 'மேடம், கீபோர்டை ஒருதரம் பாருங்க' என்றார்கள். மூன்றாம் நாள் அந்தத் தம்பி சர்வர் பதிவுகளைத் தோண்டினான். கணக்கு பூட்டப்படும் ஒவ்வொரு முறையும் டொமைன் கண்ட்ரோலரில் 4740 என்ற எண்ணோடு ஒரு பதிவு விழும். எந்தக் கணினியிலிருந்து தவறான முயற்சி வந்தது என்ற பெயரும் அதில் இருக்கும். என் கணினியின் பெயர் இருக்கும் என்று எதிர்பார்த்தோம், இருந்ததோ மெயில் சர்வரின் பெயர். உடனே போன் செய்தான்.

"மேடம், பழைய போன் ஏதாவது வீட்டுல சும்மா கிடக்கா?"

கிடந்தது. ஆபீஸ் மெயில் போட்டிருந்த பழைய போனில் குழந்தை கார்ட்டூன் பார்த்துக்கொண்டிருந்தாள். வைஃபை கிடைத்த போதெல்லாம் அது பழைய பாஸ்வேர்டோடு மெயில் சர்வரின் கதவைத் தட்டியிருக்கிறது. சில தட்டல்களில் கணக்கு பூட்டு. அந்த மெயில் கணக்கை நீக்கியதும் எல்லாம் அடங்கியது. அதிலிருந்து, பாஸ்வேர்டு மாற்றினால் முதலில் போன், பிறகு பாஸ்வேர்டைச் சேமித்து வைத்த நெட்வொர்க் டிரைவ், பிறகு வேறு கணினியில் மூடாமல் விட்ட ரிமோட் இணைப்பு என்று ஒரு சுற்றுப் போய்வருகிறேன்.

கணினிக்கும் டொமைனில் ஒரு கணக்கு, ஒரு பாஸ்வேர்டு உண்டு என்பது தெரியுமா? எனக்கு என் கணினியின் ஹார்ட் டிஸ்க் செத்தபோதுதான் தெரிந்தது. மூன்று மாதப் பழைய நகலிலிருந்து கணினியை மீட்டுத் தந்தார்கள். நுழையப் போனால், இந்தக் கணினிக்கும் டொமைனுக்கும் இடையிலான நம்பிக்கை உறவு முறிந்துவிட்டதாம். குடும்ப நீதிமன்றத்துக் கடிதம் போல இருந்தது. கணினி தன் பாஸ்வேர்டை 30 நாளுக்கு ஒருமுறை தானாகவே மாற்றிக்கொள்ளும்; மீட்ட நகல் மூன்று மாதம் பழைய பாஸ்வேர்டை நீட்ட, சர்வர் அதை ஏற்கவில்லை. ஐடி தம்பி வேறு கிளையில் இருந்தான். போனிலேயே சொன்னான்: நெட்வொர்க் கேபிளைப் பிடுங்குங்கள், நுழையுங்கள், நுழைந்தபின் செருகுங்கள். பிடுங்கிவிட்டால் சர்வரைக் கேட்க வழியில்லை, கணினி தன் நினைவைப் பார்த்துத் திறக்கும். அடித்தேன், திறக்கவில்லை. ஒரு நிமிடம் யோசித்துவிட்டு, கடைசி எண்ணில் ஒன்றைக் குறைத்து அடித்தேன். திறந்தது. நகல் எடுத்தபோது என் பாஸ்வேர்டு அதுதானே! கேபிளைச் செருகியதும் அவன் அங்கிருந்தே உள்ளே வந்து உறவைச் சேர்த்துவைத்தான்.

சின்னதாக ஒன்று, ஆனால் அடிக்கடி வருவது. ஒரு ஃபோல்டருக்கு அனுமதி கேட்டு, கொடுத்துவிட்டோம் என்று மெயிலும் வந்த பிறகு, அனுமதி இல்லை என்றே காட்டும். நாம் எந்தெந்தக் குழுவில் இருக்கிறோம் என்ற விவரம் நுழையும்போதுதான் எழுதப்படுகிறது. நடுவில் சேர்த்தது தெரியாது. லேப்டாப் மூடியைச் சாத்துவது லாக் அவுட் ஆகாது. நான் மூன்று வாரம் மூடியைச் சாத்திச் சாத்தித் திறந்துவிட்டு ஐடி பிரிவோடு சண்டை போட்டிருக்கிறேன். முழுதாக லாக் அவுட் செய்து நுழைந்ததும் ஃபோல்டர் திறந்தது. மன்னிப்புக் கேட்டு மெயில் போடவில்லை, அது இன்னும் உறுத்துகிறது.

இப்போது விண்டோஸ் 11, ஆறு இலக்க பின் எண். ஆரம்பத்தில் நம்பிக்கை இல்லை. பெரிய பாஸ்வேர்டைவிடச் சின்ன எண் எப்படிப் பாதுகாப்பு? அந்த எண் அந்த ஒரு கணினிக்கு மட்டும்தான், வெளியே யாருக்குத் தெரிந்தாலும் லேப்டாப் கையில் இல்லாமல் பயனில்லை என்று விளக்கினார்கள். ஒத்துக்கொள்கிறேன், வேகமும் அதிகம். ஆனால் இதற்கும் ஒரு விலை உண்டு. நான்கு மாதம் பின்னிலேயே ஓட்டிவிட்டு, கூட்ட அறைக் கணினியில் என் பெயரில் நுழைய வேண்டி வந்தது. பாஸ்வேர்டு பெட்டி மின்னுகிறது, ஆட்கள் காத்திருக்கிறார்கள், எனக்கு ஒரு எழுத்தும் ஞாபகமில்லை. இரண்டு முறை தவறாக அடித்துவிட்டு, பூட்டிக்கொள்ளும் முன்பே எழுந்து என் லேப்டாப்பை எடுத்துவந்தேன். இப்போது வாரத்தில் ஒருநாள் வேண்டுமென்றே பாஸ்வேர்டு போட்டு நுழைகிறேன்.

ஹெல்ப்டெஸ்க் எண் எங்கள் ஆபீஸில் உள் இணையதளத்தில் இருக்கிறது. லாகின் ஆனால்தான் அது திறக்கும். இதை ஐந்து வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். என் லேப்டாப்பின் அடியில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டி அந்த எண்ணையும், போன் எடுத்ததும் அவர்கள் முதலில் கேட்கும் கணினியின் பெயரையும் எழுதி வைத்திருக்கிறேன். பாஸ்வேர்டையும் எழுதியிருப்பேன் என்று நினைத்து ஐடி தம்பி ஒருநாள் திருப்பிப் பார்த்தான்.