லீவு நாள் மத்தியானமும் நாலு மணிப் பசியும்: குமரிப் பக்கத்து அடுக்களையிலிருந்து ஓர் ஒப்பீடு

கேரள எல்லையிலுள்ள களியக்காவிளைக்கு அந்தப் பக்கம், பாறசாலையில் படிக்கிற பிள்ளைகளுக்கு ஏப்ரல் பிறந்ததும் லீவு. இந்தப் பக்கம் மார்த்தாண்டம், தக்கலைப் பிள்ளைகளுக்குப் பரீட்சை முடியக் கொஞ்சம் தள்ளிப்போகும். மே மாதம் வந்துவிட்டால் இரண்டு பக்கத்துப் பிள்ளைகளும் ஏதாவது ஒரு ஆச்சி வீட்டில் ஒன்றுகூடிவிடுவார்கள். மத்தியானச் சோறு பாதி மிஞ்சும். நாலு மணிக்கு எல்லோருக்கும் ஒரே நேரத்தில் பசிக்கும். கடைப் பாக்கெட்டுகள் வீட்டுக்குள் வருவது அந்த நேரத்தில்தான்.

மத்தியானச் சாப்பாட்டையும் நாலு மணிப் பலகாரத்தையும் தனித்தனியாக யோசிப்பதால்தான் இந்தத் தொல்லை. சோற்றோடு உளுந்தோ பயறோ மீனோ போன நாளில் சாயங்காலத்துக்கு ஒரு பழமும் ஒரு அப்பமும் போதும். வெறும் மாவுச்சத்தாகப் போன நாளில் எண்ணெய்ச் சட்டி வைத்தாலும் காணாது. ஆகவே எது எத்தனை நேரம் பசி தாங்கும், அடுப்படியில் எவ்வளவு நேரம் நிற்கவேண்டும், ஆறினால் என்ன ஆகும் என்கிற மூன்றையும் பார்த்தே இங்கே சொல்கிறோம்.

உளுந்தஞ்சோறா, தேங்காய்ச்சோறா?

மத்தியானத்துக்கு எங்கள் ஓட்டு உளுந்தஞ்சோற்றுக்கே. 100 கிராம் உளுந்தில் ஏறத்தாழ 24 கிராம் புரதம். அரிசியில் ஏழு, எட்டுதான். இரண்டும் சேர்ந்து வேகும்போது அரிசியில் குறைவான லைசின் என்கிற அமினோ அமிலத்தை உளுந்து ஈடுகட்டுகிறது. அது மட்டுமல்ல, தனியாகக் குழம்பு, கூட்டு எதுவும் வைக்கவேண்டாம்.

நாலு பிள்ளைகளுக்கு: புழுங்கலரிசி 2 கப், தொலி உளுந்து முக்கால் கப், உரித்த பூண்டு 15 பல், வெந்தயம் அரை டீஸ்பூன், சீரகம் ஒரு டீஸ்பூன், தேங்காய்த் துருவல் ஒரு கப், உப்பு. உளுந்தை முதலில் வெறும் சட்டியில் சிறுதீயில் வறுக்கவேண்டும். கறுப்புத் தொலி என்பதால் நிறம் பார்த்துப் பதம் அறிய முடியாது. உடைந்த பக்கத்து வெள்ளை லேசாகப் பொன்னிறமாகி வாசம் எழும்பினால் இறக்கிவிடலாம். அதற்குமேல் நின்றால் கசக்கும். அந்தக் கசப்பைத் தேங்காயும் மறைக்காது. வறுத்த பிறகுதான் கழுவவேண்டும், அதுவும் ஒரே ஒரு தண்ணீரில். முன்னாலேயே ஊறப்போட்டுத் தேய்த்துக் கழுவினால் தொலி தண்ணீரோடு போய்விடும். சோற்றின் நிறமும் மணமும் நார்ச்சத்தும் அந்தத் தொலியில்தான்.

எல்லாவற்றையும் குக்கரில் போட்டு 7 கப் தண்ணீர் விட்டு, நடுத்தீயில் நாலு விசில். ஆவி தானாக அடங்கட்டும். விசிலைத் தூக்கி ஆவியை விரட்டினால் மேலே இருக்கும் உளுந்து அரைவேக்காடாக நிற்கும். நாள்பட்ட உளுந்து என்றால் இன்னும் அரைக் கப் தண்ணீரும் இரண்டு விசிலும் கூடுதலாகக் கேட்கும்.

பெரியவர்களுக்கு எள்ளுத் துவையல் காரமாக இருக்கலாம். பிள்ளைகளுக்குக் கால் கப் எள்ளுக்கு ஒரே ஒரு வற்றல் மிளகாய், இரண்டு துண்டு தேங்காய், சுண்டைக்காய் அளவு புளி, கொஞ்சம் கருப்பட்டி. எள் படபடவென்று வெடிக்க ஆரம்பித்ததும் சட்டியைவிட்டு மாற்றிவிடுங்கள். சட்டியின் சூட்டிலேயே கருகிவிடும். உளுந்தஞ்சோறு சூடாக இருக்கும்போதே தின்பதற்கு உரியது. ஆறினால் இறுகிக் கட்டியாகும். அப்போது அரைக் கரண்டி வெந்நீர் தெளித்து மூடி, சிறுதீயில் ஐந்து நிமிடம் வைத்தால் பழைய பதம் ஓரளவு திரும்பும்.

தேங்காய்ச்சோறு பத்து நிமிட வேலை. வடித்து ஆறவைத்த சோறு 4 கப், துருவல் ஒன்றரைக் கப், தேங்காய் எண்ணெய் 3 டீஸ்பூன், கடுகு, உளுத்தம்பருப்பு, கறிவேப்பிலை. துருவலை ஈரம் வற்றும்வரை, நிறம் மாறாமல் மூன்று நான்கு நிமிடம் புரட்டியெடுத்துச் சோற்றோடு கிளறவேண்டும். சூடான சோற்றில் கிளறினால் குழைந்துபோகும். கொப்பரையாகத் தொடங்கிய முற்றல் தேங்காய் காறல் வாடை அடிக்கும். ருசியில் குறை சொல்லமுடியாத சோறு, பிள்ளைகள் கேட்டு வாங்கித் தின்பார்கள். ஆனால் மூன்று மணிக்கே பசித்துவிடும். வறுத்த நிலக்கடலை அரைக் கப்பை ஒன்றிரண்டாகப் பொடித்துச் சேர்த்தால் கொஞ்சம் தாங்கும். ஐந்து வயதுக்குக் கீழுள்ள பிள்ளைகளுக்கு முழுக் கடலை வேண்டாம், மூச்சுக்குழலில் சிக்கும்.

மரச்சீனி

மரச்சீனி என்றால் மரவள்ளிக்கிழங்கு. அதை அவித்து மீன்குழம்போடு கொடுத்துவிட்டால் பிள்ளைகளுக்கு அன்று பண்டிகைதான். திருவிதாங்கூரை 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் காலத்தில் ஊக்கம்பெற்றுப் பரவிய பயிர். பஞ்ச காலங்களில் இந்தப் பகுதியைக் காப்பாற்றிய கிழங்கு. அந்த நன்றியோடே இதையும் சொல்லவேண்டும்: 100 கிராம் பச்சைக் கிழங்கில் புரதம் ஒன்றரை கிராமைத் தாண்டாது. தனியாகக் கொடுத்தால் வயிறு நிரம்பும், அவ்வளவே. கூட மீனோ பயறோ கட்டாயம் வேண்டும்.

அவிக்கும் முறையில் அலட்சியம் கூடாது. மரச்சீனியில் இயற்கையாகவே சயனைடாக மாறும் சேர்மங்கள் உண்டு. தோலை இரண்டு அடுக்கும் சேர்த்து உரித்து, நடு நரம்பை எடுத்து, சின்னத் துண்டாக நறுக்கி, கிழங்கு முங்கி மேலே நாலு விரல் நிற்கும் அளவு தண்ணீரில் மூடாமல் கொதிக்கவிடுங்கள். நன்றாகக் கொதித்ததும் அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரும் உப்பும் விட்டு வேகவைத்து மறுபடி வடிக்கவேண்டும். நேரம் மிச்சம் என்று குக்கரில் கொஞ்சமாகத் தண்ணீர் வைத்து அவித்தால் வெளியேறவேண்டியது உள்ளேயே தங்கிவிடும். வாயில் வைத்ததும் கசந்தால் முழுவதையும் தூரப்போடுங்கள். விளையாட்டுக்குக்கூடப் பச்சைக் கிழங்கைப் பிள்ளைகள் கடிக்கக்கூடாது.

பிடுங்கி இரண்டு மூன்று நாள் ஆனால் உள்ளே நீலக்கறுப்புக் கோடு ஓடத் தொடங்கும். வாங்கும்போது கடைக்காரரிடம் ஒன்றை ஒடித்துக் காட்டச் சொல்லுங்கள். வெட்டென்று ஒடிந்து வெள்ளையாக இருந்தால் நேற்றோ இன்றோ பிடுங்கியது.

மீனைப் பொறுத்தவரை லீவு காலத்தில் ஒரு வசதி உண்டு. விசைப்படகில் மீன்பிடிக்கத் தடைக்காலம் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, குமரியின் மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. ஆகவே ஏப்ரல், மே மாதங்களில் குளச்சல், தேங்காய்ப்பட்டணம் பக்கத்து மீன் கிடைத்துக்கொண்டிருக்கும். முள் பொறுக்கத் தெரியாத பிள்ளைக்குச் சாளையைவிட (மத்தி மீன்) நெத்திலி நல்லது. தலை கிள்ளி, நடுமுள்ளை உருவிவிட்டு அவியலாக வைத்துவிடலாம். மீன் தின்னாத வீட்டில் சிறுபயறு ஒரு கப்பை வறுத்து வேகவைத்து, தேங்காயும் சீரகமும் சின்ன உள்ளியும் (சின்ன வெங்காயம்) அரைத்துச் சேர்த்தால் மரச்சீனிக்கு அதுவே போதும்.

உழைப்பைக் கணக்கிட்டால் மரச்சீனி கடைசி இடம். உரிக்கவும் இரண்டு தண்ணீர் மாற்றவும் ஒரு மணி நேரம் ஆகும். வாரத்துக்கு ஒருநாள் போதும்.

ஏத்தன் பழம் (நேந்திரம்பழம்): பொரிக்கலாமா, வாட்டலாமா, அவிக்கலாமா?

பழம்பஜ்ஜி, கேரளத்தார் சொல்லும் பழம்பொரி, பிள்ளைகளிடம் எப்போதும் ஜெயிக்கும். பழம் மஞ்சள் தோலில் கறுப்புப் புள்ளி விழுந்து, அழுத்தினால் லேசாக இறங்கவேண்டும். பச்சைவாட்டம் இருந்தால் துவர்க்கும். முழுக்கக் கறுத்தது எண்ணெயில் கரைந்து, எண்ணெயையும் குடித்துவிடும். இரண்டு பழத்துக்கு மைதா முக்கால் கப், அரிசி மாவு 2 டேபிள்ஸ்பூன், சர்க்கரை ஒரு டேபிள்ஸ்பூன், மஞ்சள்பொடியும் உப்பும் ஒவ்வொரு சிட்டிகை, தோசைமாவுப் பதத்துக்குத் தண்ணீர். அரிசி மாவுதான் மொறுமொறுப்பு தருவது. சர்க்கரை கூடினால் வெளியே கருகி உள்ளே மாவு வேகாமல் நிற்கும். ஒரு சொட்டு மாவு விட்டால் அடியில் போய் உடனே மேலெழவேண்டும். அதுவே எண்ணெயின் சூடு. அடியிலேயே கிடந்தால் சூடு போதாது, எண்ணெய் குடிக்கும்.

வாட்டல் ஐந்தாறு நிமிட வேலை. விரல் கனத்தில் வட்டமாக அரிந்து, ஒரு டீஸ்பூன் நெய்யில் சிறுதீயில் ஒரு பக்கம் மூன்று நிமிடம். பழத்தின் சொந்தச் சர்க்கரையே விளிம்பில் பாகுபோலப் பிடிக்கும். மேலே துருவல் தூவினால் போதும், சீனி தேவையில்லை. பொறுமையில்லாமல் தீயைக் கூட்டினால் மேலே கருப்பு, நடுவில் பச்சை.

அவித்த பழம் சின்னக் குழந்தைகளுக்கு. தோலோடு மூன்றாக நறுக்கி இட்லிக் கொப்பரையில் பத்து நிமிடம் வைத்தால் தோல் தானாகப் பிளந்துவரும். நடுவிலுள்ள கறுப்பு விதைக்கோட்டை எடுத்துவிட்டு மசித்துக் கொடுக்கவேண்டும். வேகவைக்கவே நேரமில்லை என்றால் மட்டிப்பழம் இருக்கிறது. 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற நம் ஊர்ப் பழம், விரல் நீளம்தான், கையால் நசுக்கியே ஊட்டலாம். மார்த்தாண்டம் தேன் வீட்டில் இருக்கிறதே என்று சேர்க்கத் தோன்றும். ஒரு வயது ஆகாத குழந்தைக்குத் தேன் ஒரு துளிகூடக் கூடாது.

நடைமுறையில், வாரத்தில் இரண்டு நாள் வாட்டல், விருந்தாளிப் பிள்ளைகள் வந்த அன்றைக்குப் பஜ்ஜி. உளுந்தஞ்சோறு தின்ற நாளில் பஜ்ஜி போட்டால் பாதி மிஞ்சும், ராத்திரிச் சாப்பாடும் கெடும்.

புட்டா, இலையப்பமா?

இரண்டும் அரிசி மாவு, தேங்காய், ஆவி. ஆனால் நாலு மணிக்கு இலையப்பமே மேல். புட்டு இறக்கிய சூட்டில் பூப்போல இருக்கும், அரை மணியில் உலர்ந்து தொண்டையை அடைக்கும். இலைக்குள் இருப்பது ஈரம் போகாமல் ராத்திரிவரை மெத்தென்று இருக்கும். காலையில் பிள்ளைகளையே பக்கத்தில் உட்காரவைத்துச் செய்து வைத்துவிடலாம்.

மாவு ஒரு கப்புக்குத் தண்ணீர் ஒன்றேகால் கப், உப்பு, ஒரு டீஸ்பூன் தேங்காய் எண்ணெய். தண்ணீர் தளதளவென்று கொதிக்கும்போதே மாவில் விட்டுக் கரண்டிக்காம்பால் கிளறி, மூடி ஐந்து நிமிடம் வைத்துப் பிசையவேண்டும். வெதுவெதுப்பான நீரில் பிசைந்தால் மாவு பசை பிடிக்காது, பரத்தும்போது விண்டுபோகும். பூரணத்துக்குத் துருவல் ஒரு கப், கருப்பட்டி அரைக் கப், ஏலக்காய். கருப்பட்டியில் மணல் இருக்கும். கால் கப் தண்ணீரில் கரைத்து வடிகட்டி, பாகு சுண்டியபிறகு துருவலைப் போட்டுக் கிளறுங்கள். இளகலாக இருந்தால் ஆவியில் உருகி இலையைவிட்டு ஒழுகும். இது சக்கைக் காலம், அதாவது பலாப்பழக் காலம்; வருக்கைப் பலாச் சுளை நாலைந்தைப் பொடியாக நறுக்கிப் பூரணத்தோடு வதக்கினால் கருப்பட்டி பாதி போதும்.

வாழையிலையைத் தீயில் காட்டி வாட்டாவிட்டால் மடிக்கும் இடத்தில் கிழியும். எலுமிச்சை அளவு உருண்டையை இலையில் வைத்து, நனைத்த விரலால் தோசை கனத்துக்குப் பரத்தவேண்டும். இந்த வேலை ஆறு வயதுப் பிள்ளைக்கும் வரும். தான் பரத்தியதை யாரும் மிச்சம் வைப்பதில்லை. பதினைந்து நிமிடம் ஆவியில் வைத்தால் ஆயிற்று.

புட்டுதான் வேண்டும் என்றால் ஆவி பறக்கத் தட்டில் விழும் காலைநேரத்துக்கு வையுங்கள். மாவைப் பிடித்தால் பிடியாக நிற்கவும், விரலால் தட்டினால் உதிரவும் வேண்டும். கட்டி விழுந்திருந்தால் மிக்சியில் இரண்டு விநாடி சுற்றினால் சரியாகும். மூன்று வயதுக்குள் உள்ளதற்குப் பழத்தோடு பிசையாமல் கொடுக்காதீர்கள்.

திற்பரப்பு அருவிக்கோ முட்டம் கடற்கரைக்கோ கிளம்பும் நாள்

மேலே சொன்ன இரண்டு சோறும் இதற்கு ஆகாது. ஈரத்தேங்காய் சேர்ந்த சோறு மே மாத வெயிலில் நாலு மணி நேரத்துக்குள் பிசுபிசுத்துவிடும். சூடு குறைந்த சோற்றில் வளரும் சில கிருமிகளின் நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது. புளிச்சோறு எடுத்துப் போங்கள். எலுமிச்சை அளவு புளியை ஒரு கப் தண்ணீரில் கரைத்து, நாலு டேபிள்ஸ்பூன் நல்லெண்ணெயில் தாளித்து, எண்ணெய் பிரிந்து மேலே நிற்கும்வரை கொதிக்கவிடவேண்டும். அவசரப்பட்டு முன்னாலேயே இறக்கினால் புளி பச்சை வாடை அடிக்கும், சீக்கிரம் கெடும். சோற்றைத் தாம்பாளத்தில் பரத்தி முற்றிலும் ஆறியபிறகே கிளறுங்கள். சூட்டோடு டப்பாவை மூடினால் மூடியில் கோர்க்கும் தண்ணீரே சோற்றைக் கெடுக்கும். கூட அவித்த முட்டையைத் தோட்டோடு எடுத்துப் போய், போன இடத்தில் உரித்துக் கொடுங்கள்.