பைகேம் நூலகத்தில் மவுஸ்: பல்லாங்குழிப் பலகையில் கண்ட நிறைகுறை

பினாங்கு ஜார்ஜ் டவுனில் சனிக்கிழமைதோறும் தமிழ்ப் பிள்ளைகளுக்குப் பைத்தான் என்னும் நிரல்மொழியைக் கற்பிக்கும் நான், இம்முறை பல்லாங்குழி ஆட்டத்தை நிரலாக எழுத வைத்தேன். மலாய்க்காரர்களின் சொங்காக் ஆட்டத்துக்கு அது நெருங்கிய உறவு என்பதால் விதிகளை விளக்க அதிக நேரம் பிடிக்கவில்லை. பயன்படுத்திய நூலகம் (ஆயத்த நிரல்களின் தொகுப்பு), 2000-ஆம் ஆண்டு பீட் ஷின்னர்ஸ் தொடங்கிய, திரை, ஒலி, மவுஸ் போன்றவற்றைக் கையாளும் எஸ்டிஎல் என்னும் இன்னொரு நூலகத்தின் மீது அமைந்த பைகேம். அது இலவசம் என்பதால் விலையைப் பற்றிப் பேச்சில்லை. மவுஸைக் கையாளும் விதத்தை மட்டும் மதிப்பிடுகிறேன்.

பொத்தான் இந்தக் கணத்தில் அழுந்தியிருக்கிறதா என்று கெட்_பிரஸ்ட் என்னும் கட்டளை வழியாகக் கேட்கலாம். அல்லது பயனர் செய்பவை ஒவ்வொன்றும் நிகழ்வாகப் பதிவாகிக் காத்திருக்கும் நிகழ்வு வரிசையில் வந்து சேரும், பொத்தான் அழுத்தப்பட்டதைக் குறிக்கும் மவுஸ்பட்டன்டவுன் நிகழ்வை எடுத்துப் படிக்கலாம். முதல் வழி எளிதாகத் தோன்றுவதால் புதியவர்கள் அதன் பக்கமே சாய்கிறார்கள். என் மாணவி ஒருத்தி அப்படித்தான் எழுதினாள். போதாததற்கு, காலிக் குழியை அழுத்தினாலும் முறை மாறும்படி விட்டிருந்தாள். நொடிக்கு 60 சட்டகங்கள் ஓடி, அதாவது திரையை 60 முறை வரைந்து, ஒவ்வொரு முறையும் பொத்தானைப் பற்றிக் கேட்கும் நிரலில், விரல் நொடியின் பத்தில் ஒரு பங்கு நேரம் அழுந்தியிருந்தாலே அது ஆறு முறை கணக்காகிவிடும். ஆகவே முறை ஆறு தடவை மாறி, ஆட்டம் மறுபடி அவளிடமே வந்து நின்றது. "சார், நான் ஒரு தடவதான் அமுக்கினேன்!" என்றாள். நிகழ்வு வழிக்கு மாற்றியதும் ஓர் அழுத்தத்துக்கு ஒரே நிகழ்வு வந்தது, கோளாறும் தீர்ந்தது. இழுத்து நகர்த்துவதற்கும் ஓவியம் தீட்டுவதற்கும் கெட்_பிரஸ்ட் பொருத்தமானதே, ஆனால் நிகழ்வு வரிசையை இடையிடையே படிக்காவிட்டால் அதன் விடை புதுப்பிக்கப்படாது.

எனக்கு உண்மையில் எரிச்சலூட்டியது மவுஸின் நடுவே சுழலும் உருளைதான். அழுத்த நிகழ்வில் வரும் எண், இடப் பொத்தானுக்கு 1, நடுப் பொத்தானுக்கு 2, வலப் பொத்தானுக்கு 3 என்பது சரி. பைகேமின் இரண்டாம் பதிப்பில் உருளைக்கெனத் தனி நிகழ்வு வந்த பிறகும், பழைய நிரல்களுக்காக அதன் சுழற்சி 4, 5 என்னும் பொத்தான் எண்களாகவும் வந்து சேர்கிறது. எண்ணைச் சரிபார்க்காத ஒரு பையனின் பலகையில், உருளையைத் திருப்பியபோதெல்லாம் புளியங்கொட்டைகள் தாமாக நகர்ந்தன.

குழி வட்டமானது; ஒரு புள்ளி உள்ளே இருக்கிறதா என்று பார்க்க நூலகம் தரும் கொலைட்பாயிண்ட் சோதனையோ செவ்வகத்துக்கு உரியது. மூலையில் அழுத்தினாலும் குழி தேர்வானதால், மையத்திலிருந்து தொலைவை நாங்களே கணக்கிட்டோம். இரட்டைச் சொடுக்குக்கும் தனி நிகழ்வு இல்லை. இரு அழுத்தங்களுக்கு இடையிலான நேரத்தை அளந்து 400 மில்லிநொடி என வரம்பு வைத்தோம். சிறிய பிள்ளைகளின் விரல்களுக்கு அது போதாததால் பிறகு 600 ஆக்கினோம்.