பேப்பருக்கு லெட்டர்: கலெக்டர் ஆபீஸ் பக்கத்து டைப்பிங் கடைகளை நம்பலாமா?

திங்கட்கிழமை காலை சேலம் கலெக்டர் ஆபீஸ் பக்கம் போனால் டைப்பிங் கடைகளிலும் ஜெராக்ஸ் கடைகளிலும் நிற்க இடம் இருக்காது. குறைதீர்க்கும் நாள் கூட்டத்துக்கு மனு எழுத வந்தவர்கள்தான் பாதிக்கு மேல். மனுவை முடித்த கையோடு, "அப்படியே பேப்பருக்கும் ஒரு லெட்டர் போட்டுக் குடுங்கண்ணா" என்று கேட்பவர்களும் உண்டு. அந்த இரண்டாவது வேலையைப் பற்றித்தான் இந்த விமர்சனம். மனுவுக்கு ஐந்துக்கு நாலு நட்சத்திரம் தாராளமாகக் கொடுக்கலாம். பேப்பர் லெட்டருக்கு இரண்டுதான்.

நாலு எதற்கு என்றால், எந்தக் குறையை எந்த ஆபீஸில் சொல்வது என்பது இவர்களுக்கு அத்துப்படி. தெருவிளக்கு எரியவில்லையா, மாநகராட்சி. கம்பமே சாய்ந்திருக்கிறதா, மின்வாரியம். ஏற்காடு மலைப்பாதையில் தடுப்புச் சுவர் இடிந்திருந்தால் நெடுஞ்சாலைத் துறை. அதை ஊராட்சி ஒன்றியத்தில் கொண்டுபோய்க் கொடுத்தால் மனு சுற்றிக்கொண்டே இருக்கும். சூரமங்கலம், அஸ்தம்பட்டி, அம்மாபேட்டை, கொண்டலாம்பட்டி என்ற நான்கு மண்டலங்களில் உங்கள் தெரு எதில் வருகிறது என்பதையும் யோசிக்காமல் சொல்வார்கள். லெட்டர் எழுதும்போது பாதிப் பேர் தடுக்கி விழுவது இந்த இடத்தில்தான். தவறான துறையைத் திட்டி ஒரு லெட்டர் வெளியானால், "இது எங்கள் கட்டுப்பாட்டில் இல்லை" என்று ஒரே வரியில் பதில் சொல்லித் தப்பித்துக்கொள்வார்கள்.

சிக்கல் அதற்கப்புறம். மனுவின் அச்சிலேயே லெட்டரையும் வார்த்துவிடுகிறார்கள். வழக்கமான தொடக்கம் இப்படி இருக்கும்: "பெருமதிப்பிற்குரிய ஐயா, எங்கள் பகுதியில் பல ஆண்டுகளாக அடிப்படை வசதிகள் ஏதுமின்றிப் பொதுமக்கள் சொல்லொணாத் துயரத்திற்கு ஆளாகி வருவதைத் தங்கள் மேலான கவனத்திற்குக் கொண்டு வருகிறோம்." இவ்வளவு நீளத்தில் எந்த ஊர், எந்தத் தெரு, என்ன குறை, எதுவுமே இல்லை. மனுவை ஒரு அதிகாரி படித்தாக வேண்டும். லெட்டரை யாரும் படித்தாக வேண்டியதில்லை. பேப்பர் ஆபீஸில் இருக்கும் உதவி ஆசிரியர் முதல் வரியோடு நிறுத்திவிடுவார்.

அதே விஷயத்தை இப்படித் தொடங்கச் சொல்லுங்கள்: "அம்மாபேட்டை மண்டலத்தில் இன்ன தெருவில், பள்ளிக்கூட வாசலை ஒட்டிய சாக்கடையின் மூடி உடைந்து இரண்டு மாதமாகிறது. மழை பெய்தால் குழி எது, ரோடு எது என்று தெரிவதில்லை." அடுத்த வரியில், எப்போது எங்கே மனு கொடுக்கப்பட்டது, அதன் பதிவு எண் என்ன. அதற்கடுத்து, அவர்கள் சொல்லப்போகும் சாக்கை நீங்களே முந்திக்கொண்டு எடுத்து உடைப்பது: "பாதாளச் சாக்கடை வேலை முடியட்டும் என்கிறார்கள், அதுவரை மேலே ஒரு சிமெண்ட் பலகை போட என்ன தடை?" கடைசியில் ஒரே ஒரு கோரிக்கை, இன்ன ஆபீஸ் இதைச் செய்ய வேண்டும் என்று. 150 சொல்லைத் தாண்ட வேண்டாம். இடம் பற்றாவிட்டால் வாலிலிருந்துதான் வெட்டுவார்கள். முக்கியமானதை வாலில் வைத்தால் அதுவும் போய்விடும்.

கடைக்காரர்கள் ஏன் நீட்டுகிறார்கள்? பக்கக் கணக்கில் காசு வாங்குவதால்தான். சாக்கடையோடு நாய்த் தொல்லை, குடிநீர், ரேஷன் கடை என்று எல்லாவற்றையும் அடைத்தால் இரண்டு பக்கம் தேறும். "ஒரு பக்கக் காசு முழுசா வாங்கிக்கங்க, அரைப் பக்கத்துல முடிங்க" என்று முன்னாலேயே பேசிக்கொள்வது நல்லது.

இரண்டாவது வில்லங்கம் எழுத்துரு. சில கடைகளில் இன்னும் பாமினியிலோ வானவில்லிலோ தட்டுகிறார்கள். பிரிண்ட் எடுத்தால் அழகாகத்தான் இருக்கும். அதை மின்னஞ்சலில் ஒட்டி அனுப்பினால், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் வெறும் ஆங்கில எழுத்துக் குப்பையாகத்தான் தெரியும். எந்தக் கணினியிலும் தமிழாகவே தெரியும் யூனிகோடில் அடிக்கச் சொல்லுங்கள். பிடிஎஃப் இணைப்பாக வேண்டாம், மின்னஞ்சலின் உள்ளேயே லெட்டர் இருக்கட்டும். படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது டாக்குமெண்டாக அனுப்பினால்தான் தரம் குறையாது. குழியை மட்டும் நெருக்கிப் பிடித்த படம் எந்த ஊர்க் குழியாகவும் இருக்கலாம். கம்ப எண்ணோ கடைப் பலகையோ படத்துக்குள் வர வேண்டும்.

இனி, அரைகுறையாக அல்ல, முழுக்கவே தவறான ஒன்று. காரம் சேர்க்கிறோம் என்று "அதிகாரிகள் கமிஷன் வாங்கிக்கொண்டு" என ஒரு வரியை இவர்களாகவே செருகிவிடுவார்கள். ஆதாரம் இல்லாத அந்த ஒரு வரிக்காகவே லெட்டர் குப்பைக்குப் போகும். தப்பித்தவறி வெளியானால் பாரதிய நியாய சம்ஹிதை என்ற குற்றவியல் சட்டத்தின் 356-வது பிரிவு, அதாவது அவதூறு. கையெழுத்து உங்களுடையது, கடைக்காரருடையது அல்ல. ஆதாரம் வேண்டும் என்றால் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது: 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, ஒப்பந்ததாரருக்குக் கொடுத்த வேலை உத்தரவின் நகல் கேளுங்கள்; 30 நாளில் பதில் தர வேண்டும். ஒப்பந்தத் தேதியும் தொகையும் கையில் இருந்தால் கமிஷன் என்ற சொல்லே தேவைப்படாது. இந்த விண்ணப்பத்தை மட்டும் இதே கடைகளில் கண்ணை மூடிக்கொண்டு எழுதி வாங்கலாம்.

ஒரே லெட்டரை நாலு பேப்பருக்கு ஜெராக்ஸ் எடுத்து அனுப்பச் சொல்வார்கள், கேட்காதீர்கள். ஒரு பேப்பருக்கு அனுப்பி, இரண்டு வாரம் பார்த்துவிட்டு, திருத்தி அடுத்ததற்கு அனுப்பலாம். பெயர், முகவரி, போன் எண் மூன்றும் கட்டாயம் வேண்டும். பெயர் வெளியே வரக்கூடாது என்றால் அதைத் தனி வரியில் கேட்டுக்கொள்ளலாம்.

நேரம் பார்த்து அனுப்புவதைப் பற்றி எந்தக் கடையும் வாய் திறப்பதில்லை. ஏற்காட்டில் கழிப்பறை, பார்க்கிங், பிளாஸ்டிக் குப்பை பற்றிய லெட்டர் ஏப்ரலில் போக வேண்டும். மே மாதக் கோடை விழாவுக்குத் துறைகள் தயாராகும் சமயம் அது. விழா முடிந்து ஜூனில் எழுதினால் அடுத்த வருஷம் பார்க்கலாம் என்பார்கள். டவுனுக்குள் ரோடு, சாக்கடை என்றால் கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழாவுக்கு இரண்டு மூன்று வாரம் முன்னால்.

ஏற்காட்டுக்காரர்கள் இதற்காக இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி வரத் தேவையில்லை. போனில் தமிழில் பேசினாலே தட்டச்சாகிவிடும், அதுவும் யூனிகோடில். ஊர்ப் பெயர்களையும் எண்களையும் மட்டும் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள், அதில்தான் அது உளறும்.