உவர் நிலத்து நெல்லுக்கு எந்த வளர்ச்சி ஊக்கி?

மண்ணின் உப்பை மீட்டருக்கு இத்தனை டெசிசீமன்ஸ் என்று மின்கடத்தும் திறனால் அளப்பார்கள். கோதுமை 6 டெசிசீமன்ஸ் வரையும் பார்லி 8 வரையும் மண் உப்பைத் தாங்கும். நெல்லுக்கு 3-ஐத் தாண்டினாலே விளைச்சல் இறங்கத் தொடங்கிவிடும். நாகை, வேதாரண்யம் கடலோரக் கடைமடையில் இதுதான் கவலை. அதிலும் முளைக்கும்போது நெல் ஓரளவு தாக்குப்பிடிக்கும். அடி விழுவது இளநாற்றிலும், கதிர் உருவாகிப் பூக்கும் சமயத்திலும்தான். ஊக்கிகளை இந்த இரண்டு கட்டங்களை வைத்தே எடைபோட வேண்டும்.

ஜிப்ரெல்லிக் அமிலத்தின் பலன் சீக்கிரம் கண்ணில் படும். விதைக்குள் மாவுச்சத்தை உடைக்கும் நொதியை அது தூண்டுவதால், உப்பில் மந்தமாகக் கிடக்கும் விதை சுறுசுறுப்பாக முளைக்கும். விதைநேர்த்தியோடு நின்றால் சரி. வளர்ந்த பயிரில் தெளிப்பதைத்தான் நான் ஏற்கவில்லை. பயிருக்குள்ளேயே இந்த வகை ஊக்கி சுரக்கிறது, அதுதான் ஜிப்ரெல்லின். உப்பு பட்டதும் பயிர் அதைத் தானே குறைத்துக்கொள்கிறது. டெல்லா என்ற புரதங்கள் சேர்ந்து வளர்ச்சியை இழுத்துப் பிடிக்கின்றன. பயிர் பிழைத்துக்கொள்ளும் வழி அது. ஆய்வகங்களில் சோதனைக்கு வளர்க்கும் அரபிடாப்சிஸ் என்ற சிறு செடியில் அந்தப் புரதங்களை நீக்கிப் பார்த்தபோது, செடி உப்பைத் தாங்க முடியாமல் சீக்கிரம் செத்தது. 2006-ல் வெளிவந்த ஆய்வு இது. ஜிப்ரெல்லினை வெளியிலிருந்து கொடுத்தால் அந்தப் பிடியை நாமே தளர்த்திவிடுகிறோம். அப்புறம், நெடுநெடுவென்று வளர்ந்த சம்பா ஐப்பசி, கார்த்திகை மழையில் சாய்ந்துவிடும். இந்தப் பொருளே, நாற்றை ஒல்லியாக நீளவைக்கும் ஒரு பூஞ்சை நோயை 1926-ல் ஆராய்ந்தபோது தெரியவந்ததுதான்.

சாலிசிலிக் அமிலம் வேறு வகை. வளர்ச்சியை முடுக்காமல் தற்காப்பைத் தயார்ப்படுத்துகிறது: செல்களைச் சிதைக்கும் ஆக்சிஜன் நச்சுகளை அடக்கும் நொதிகள் கூடுகின்றன, வேரிலிருந்து பொட்டாசியம் கசிவது குறைகிறது. லிட்டருக்குச் சுமார் 100 மில்லிகிராம் போதும். நாற்றங்காலுக்கு எப்படியும் விதையை ஊறவைக்கிறோம், அந்தத் தண்ணீரிலேயே கலந்துவிட்டால் தனி வேலை இல்லை. அளவு கூடினால் முளைப்பையே அடக்கிவிடும். கண்ணளவில் போடக் கூடாது. பலனும் நாற்றுப் பருவத்தோடு பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

கதிர் கட்டத்துக்குப் பிராசினோலைடு என்ற தாவர ஊக்கியைத் தெளிக்கச் சொல்கிறார்கள். 1979-ல் கடுகுக் குடும்பச் செடியின் 200 கிலோவுக்கு மேற்பட்ட மகரந்தத்திலிருந்து 4 மில்லிகிராம்தான் கிடைத்தது. அவ்வளவு நுண்ணிய அளவிலேயே வேலை செய்யும் பொருள். ஒளிச்சேர்க்கை விழாமல் காக்கிறது. ஆனால் பலன் ரகத்துக்கு ரகம், தெளிக்கும் நாளுக்கு நாள் மாறுகிறது. கையில் காசு இறுக்கமாக இருந்தால் முதலில் விட்டுவிடக்கூடியது இது.

என் வரிசை: விதைக்குச் சாலிசிலிக் அமிலம், முளைப்பு மிக மோசமான வயலில் மட்டும் ஜிப்ரெல்லிக் அமிலம், மீதிப் பணம் உப்பைத் தாங்கும் ரகத்துக்கும் வடிகாலுக்கும். எந்த ஊக்கியும் மண்ணிலிருந்து ஒரு குன்றிமணி உப்பைக்கூட எடுக்காது. கேரளக் கடலோரத்துப் பொக்காளி நெல், சோடியம் இலைக்கு ஏறாமல் தண்டுக்குக் கீழேயே தடுத்துக்கொள்கிறது. அதைத் தெளித்து வரவழைக்க முடியாது, விதையோடுதான் வாங்க வேண்டும்.

ஊக்கி வாங்கும் முன் மண் பரிசோதனை செய்துவிடுங்கள். கார அமிலநிலை (pH) 8.5-ஐத் தாண்டி, சோடியமும் மிகுந்திருந்தால் அது களர். ஜிப்சம் இட வேண்டும், திருச்சி ரகங்களான டி.ஆர்.ஒய் நெல் அங்கே பொருந்தும். வெறும் உவர் என்றால் ஜிப்சம் வீண் செலவு. நல்ல தண்ணீரைக் கட்டி வடித்துவிட்டு நடுங்கள். ஊக்கி போட்டாலும் ஒரு பாத்தியைப் போடாமல் விட்டுவைத்து, அறுவடையில் இரண்டையும் தனித்தனியே அளந்து பாருங்கள்.